61 நாள் தடைக்காலத்தில் கால்குலஸுக்குத் தயாராவது எப்படி: கடலோரப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 15 வந்தால் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை சரிசெய்வார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பிளஸ் டூ எழுதி முடித்த பிள்ளைகள் ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் காத்துக்கொண்டு வீட்டில் இருப்பதும் அதே நாட்களில்தான். அந்த 61 நாளைக் கணக்குக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பொறியியலோ, பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ, எதில் சேர்ந்தாலும் கால்குலஸ், அதாவது வகையிடலும் தொகையிடலும் அடங்கிய நுண்கணிதம், சீக்கிரமே வந்துவிடும். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய கணிதத்துக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் ப்ரீகால்குலஸ் என்று தனித் தாளே உண்டு. சார்புகள், வரைபடங்கள், அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் இவற்றை மட்டும் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத்தான் அங்கே பலர் கால்குலஸுக்குள் போகிறார்கள். நம் பக்கம் அப்படித் தனித் தாள் கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் எல்லாம் படித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு வகுப்பு தொடங்கிவிடும். சில கல்லூரிகளில் பிரிட்ஜ் கோர்ஸ் என்று சில நாட்கள் நடத்துவார்கள். நல்லதுதான், ஆனால் போதாது.

நான் பாம்பன் பக்கத்துப் பெண். அப்பா விசைப்படகுக்குப் போவார், அம்மா கடற்பாசி வளர்க்கிறார். தமிழ்வழியில் படித்துப் பொறியியலில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரின் முதல் தேர்வுத்தாள் திரும்பி வந்தபோது பாதி மதிப்பெண்கூட இல்லை. அழுது முடித்துவிட்டு இரவில் அந்தத் தாளை வரி வரியாகப் பார்த்தேன். வகையிடல் சூத்திரம் சரி, முதல் வரி சரி. அடுத்த வரியில் இரண்டு பின்னங்களைக் கூட்டிய இடத்தில் தப்பு. இன்னொரு கணக்கில் வர்க்கமூலத்தைப் பிரித்த இடத்தில் தப்பு. சிவப்பு மையில் சுழித்திருந்தவற்றில் கால்குலஸ் தப்பு என்று சொல்ல இரண்டே இரண்டுதான் இருந்தன. மற்றதெல்லாம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தப்பு.

அதற்குப் பிறகு எத்தனையோ தம்பி தங்கச்சிகளின் நோட்டைப் பார்த்துவிட்டேன். கால்குலஸ் வரவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அடியில் இருக்கும் சிக்கல் பின்னம், காரணிப்படுத்தல், சார்பு இந்த மூன்றுதான். இது அறிவுக் குறைவு இல்லை. நடுவில் விட்டுப்போன படிகள். அவற்றைக் கட்டிவிட முடியும்.

முதல் படி: எட்டுக் கேள்விகள்

எதையும் படிக்காமல், போனை எட்டி வைத்துவிட்டு, 25 நிமிடத்தில் இவற்றை எழுதிப் பாருங்கள்.

1. 1/எக்ஸ் + 1/(எக்ஸ் + 2). இதை ஒரே பின்னமாக்குங்கள்.
2. (எக்ஸ்² − 9) ÷ (எக்ஸ் − 3). இதைச் சுருக்குங்கள். எக்ஸ் 3 ஆக இருந்தால் என்ன ஆகும்?
3. எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 1 என்றால் எஃப்(3 + ஹெச்) என்ன?
4. எக்ஸ்² < 9. எக்ஸ் எந்த எண்களாக இருக்கலாம்?
5. எக்ஸ் − 2 இன் மட்டு மதிப்புக்கு வரைபடம் வரையுங்கள்.
6. 2-இன் அடுக்கு (எக்ஸ் + 1) என்பது 32. எக்ஸ் என்ன?
7. 2 அடிமானத்தில் 8-இன் மடக்கை என்ன?
8. சைன் 150 டிகிரி என்ன? படம் போட்டுக் காட்டுங்கள்.

விடைகள்: (2எக்ஸ் + 2) ÷ எக்ஸ்(எக்ஸ் + 2). இரண்டாவது எக்ஸ் + 3, ஆனால் 3 என்ற இடத்தில் அதற்கு மதிப்பே கிடையாது. மூன்றாவது 10 + 6ஹெச் + ஹெச்². நான்காவது −3க்கும் 3க்கும் இடைப்பட்ட எல்லா எண்களும். 'எக்ஸ் < 3' என்று மட்டும் எழுதியிருந்தால் தப்பு. ஐந்தாவது, கூர்முனை 2-இல் தரையைத் தொடும் இரண்டு சாய்கோடுகள். ஆறாவது 4, ஏழாவது 3, எட்டாவது அரை.

ஆறுக்கு மேல் சரியென்றால் அடுத்த படியை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். மூன்றுக்குக் கீழே என்றாலும் பயப்பட வேண்டாம், என்னிடம் வருகிறவர்களில் பலர் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது கேள்வியைத் தப்பாக எழுதியவர்கள் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். கடைசி வாரம் அங்கேதான் திரும்பி வருவோம்.

புத்தகமும் நேரமும்

விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். 2018இல் வந்த பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதம் முதல் தொகுதியை எடுங்கள். சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், தொடர்முறைகள், பகுமுறை வடிவியல் எல்லாம் அதில் இருக்கின்றன. கிட்டத்தட்ட இதுதான் ப்ரீகால்குலஸ். நேர்மாறு முக்கோணவியல் சார்புகளும் கலப்பெண்களும் பன்னிரண்டாம் வகுப்பு முதல் தொகுதியில் வரும். இயற்கணிதம் தடுமாறுகிறவர்களுக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகங்கள். பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் கேட்டுப் பழக கான் அகாடமியில் ப்ரீகால்குலஸ் என்று முழுப் பாடமே இலவசமாக இருக்கிறது. வரைபடத்துக்கு ஜியோஜீப்ரா செயலியை ஒருமுறை ஏற்றிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

61 நாளை நான் இப்படிப் பிரிக்கிறேன்: இயற்கணிதத்துக்கு 15, சார்புகளுக்கு 15, அடுக்குக்கும் மடக்கைக்கும் 8, முக்கோணவியலுக்கு 18, மிச்சத்துக்கு 5. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மே மாத வெயிலில் மதியம் எதுவும் ஏறாது, வெயில் ஏறும் முன் காலையில் உட்காருங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சை முடிந்தது என்றதும் கருவாடு காயவைப்பதும், தண்ணீர் பிடிப்பதும், தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் தலையில் வந்து விழுகிறது. ஒன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. அப்படியென்றால் அரை மணி நேரமாக மூன்று முறை உட்காருங்கள். அப்பா வீட்டில் இருக்கும் இந்த இரண்டு மாதத்தில் அவரிடமே கேளுங்கள், "இந்த நேரம் எனக்குக் கணக்கு நேரம்ப்பா" என்று. எங்கள் வீட்டில் அப்பாதான் தண்ணீர் பிடித்தார்.

இரண்டாம் படி: இயற்கணிதத்தைச் சரிசெய்வது

மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டுத்தொகையின் வர்க்கத்தைத் தனித்தனி வர்க்கமாகப் பிரிப்பது. வர்க்கமூலத்துக்குள் இருக்கும் கூட்டலைப் பிரிப்பது. (எக்ஸ் + 5) ÷ எக்ஸ் என்று வந்தால் மேலும் கீழும் எக்ஸை அடித்துவிட்டு 5 என்று எழுதுவது.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். சந்தேகம் வந்த வரியில் ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பாருங்கள். 3 + 4 இன் வர்க்கம் 49. தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 25. சமம் இல்லை, ஆகவே அந்த வரி தப்பு. 9 + 16 இன் வர்க்கமூலம் 5; பிரித்தால் 3 + 4 = 7. (4 + 5) ÷ 4 என்பது 2.25, ஐந்து இல்லை. விதியை மறந்துபோனாலும் இந்தச் சோதனை கையில் இருக்கும். ஆனால் 0, 1, 2 போட்டுச் சோதிக்காதீர்கள், சில தப்பான வரிகள்கூட அந்த எண்களுக்குத் தற்செயலாகச் சரியாக வந்துவிடும். 3, 5 மாதிரி எண்களைப் போடுங்கள்.

இந்தப் பதினைந்து நாளும் செய்ய வேண்டியவை: பின்னங்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும், காரணிப்படுத்தல், அடுக்கு விதிகள், வர்க்கமூலத்தைப் பின்னத்தின் பகுதியிலிருந்து (கீழே இருப்பதிலிருந்து) நீக்குவது, சமனிலிகள். நாளுக்குப் பத்துக் கணக்கு போதும். நூறு போட்டுக் களைப்பதைவிட, பத்தைப் போட்டுவிட்டு ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' என்று பக்கத்தில் எழுதுவது நல்லது.

ஒரு தப்பு நோட்டு வையுங்கள். இடது பக்கம் நீங்கள் எழுதிய தப்பான வரி, வலது பக்கம் சரியான வரி, அடியில் காரணம். வாரத்துக்கு ஒருமுறை இடது பக்கத்தை மட்டும் பார்த்துத் திருத்துங்கள். என் நோட்டில் கழித்தல் குறியை அடைப்புக்குள் கொண்டுபோகாத தப்பு பதினான்கு முறை இருந்தது. எண்ணிப் பார்த்த பிறகுதான் அது நின்றது.

மூன்றாம் படி: சார்பு

இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் பாடமும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றே ஒன்றைத் திருப்பித் தரும் விதி, அதுதான் சார்பு. எதையெல்லாம் கொடுக்கலாம் என்பது சார்பகம், மதிப்பகம் என்றும் சொல்வார்கள். எதுவெல்லாம் திரும்பி வரும் என்பது வீச்சகம்.

வாலிநோக்கம் உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் 1000 லிட்டரில் கிட்டத்தட்ட 35 கிலோ உப்பு கரைந்திருக்கும். வெயிலில் எக்ஸ் லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிட்டால் மிச்சம் 1000 − எக்ஸ் லிட்டர். உப்பு போகவில்லை. ஆக, ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு என்பது 35,000 ÷ (1000 − எக்ஸ்).

எண்களைப் போடுங்கள். தொடக்கத்தில் 35. பாதித் தண்ணீர் போனபின் 70. 800 லிட்டர் போனபின் 175. 900 போனபின் 350. முதல் 500 லிட்டர் போனதற்கு 35தான் ஏறியது. 800லிருந்து 900க்குப் போன 100 லிட்டருக்கு 175 ஏறிவிட்டது. வரைபடம் போட்டால் கோடு படுத்தே வந்து கடைசியில் செங்குத்தாக எழும். 1000 என்ற இடத்தில் பகுதி பூஜ்யமாகிவிடும், அங்கே மதிப்பு கிடையாது. கோடு நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. இதைத்தான் தொலைத்தொடுகோடு என்கிறோம்.

ஆனால் உப்பளத்தில் வேலை செய்கிறவரிடம் கேட்டால் 1000 வரை போகவே மாட்டார். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதே உப்பு பூக்க ஆரம்பித்துவிடும். உப்பு கீழே படிந்தபின் நம் சூத்திரம் பொய். ஆகவே இந்தச் சார்புக்குச் சார்பகம் 0 முதல் சுமார் 900 வரைதான். எந்தச் சூத்திரத்தைப் பார்த்தாலும் 'இது எதுவரை உண்மை?' என்று கேட்டுப் பழகுங்கள். சார்பகம் என்று தேர்வில் வரும் இரண்டு மதிப்பெண் கேள்வியின் அர்த்தம் அவ்வளவுதான்.

அடுத்து நேர்மாறு சார்பு. கரையில் நிற்கிறோம். தொடுவானம் எவ்வளவு தூரம்? கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர் என்று வைத்துப் பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் நீங்களே இதைக் கொண்டுவரலாம், ஒரு மாலை செலவழித்து முயன்று பாருங்கள். 2 மீட்டர் உயரத்துக்கு 5 கிலோமீட்டர். இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக, 8 மீட்டராக வேண்டும். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 15 கிலோமீட்டர் தூரம் தெரிய எவ்வளவு உயரம் ஏற வேண்டும்? 15ஐ 3.57ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் கிட்டத்தட்ட 17.7 மீட்டர். கேள்வியைத் திருப்பியதும் வந்த இந்த விதிதான் நேர்மாறு சார்பு. கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டுவது ஏன் என்பதும் இதில் இருக்கிறது.

சார்புக்குள் சார்பு என்பதும் நமக்குத் தெரிந்ததே. டீசல் அளவு எத்தனை மணி நேரம் ஓடலாம் என்பதைச் சொல்கிறது. மணி நேரம் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறது. இரண்டையும் கோர்த்தால் டீசலிலிருந்து நேராகத் தூரம். வரிசை மாறினால் அர்த்தமே இருக்காது என்பதையும் கவனியுங்கள்.

வரைபடத்தை நகர்த்துவது, புரட்டுவது, இழுப்பது இவற்றைக் கையால் வரைந்த பிறகே ஜியோஜீப்ராவில் பாருங்கள். முதலிலேயே செயலியில் பார்த்தால் கண்ணுக்குப் புரிந்த மாதிரி இருக்கும், கைக்கு வராது.

நான்காம் படி: அடுக்கும் மடக்கையும்

அம்மாவின் மிதவையிலிருந்து இதைச் சொல்கிறேன். மூங்கில் மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் நல்ல பருவத்தில் 240 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மடங்கு. பாதி நாளில், அதாவது இருபத்திரண்டரை நாளில் எவ்வளவு இருக்கும்?

கேட்டவுடன் பலரும் 150 என்பார்கள், 60க்கும் 240க்கும் நடு. ஆனால் பாசி, இருக்கும் பாசியிலிருந்துதான் வளர்கிறது. பாசி அதிகமாக அதிகமாக அன்றன்று சேர்வதும் அதிகம். ஆகவே பாதி நாளில் இரண்டு மடங்கு, மீதி நாளில் மறுபடி இரண்டு மடங்கு. விடை 120. சூத்திரம்: 60 பெருக்கல் 4-இன் அடுக்கு (நாள் ÷ 45). மாறி அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், அதனால்தான் இது அடுக்குக்குறிச் சார்பு.

அப்புறம் 150 கிலோ எந்த நாளில் வரும்? மடக்கை இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 4-இன் அடுக்கு (நாள் ÷ 45) என்பது 2.5. இருபுறமும் மடக்கை எடுத்தால் நாள் ÷ 45 என்பது 0.398 ÷ 0.602. அதாவது சுமார் 0.66. நாள் கிட்டத்தட்ட 30. அடுக்கு 'எத்தனை நாளில் எவ்வளவு' என்று சொல்கிறது, மடக்கை 'எவ்வளவுக்கு எத்தனை நாள்' என்று சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. இது பிடிபட்டுவிட்டால் மடக்கை விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அடுக்கு விதிகளையே திருப்பி எழுதிக்கொள்ளலாம்.

180 நாளைப் போட்டால் சூத்திரம் 15,360 கிலோ என்கிறது. எந்த மிதவையும் அதைத் தாங்காது. மறுபடியும் சார்பகம்.

ஐந்தாம் படி: முக்கோணவியல்

எல்லோரும் பயப்படும் பாடம், எனக்கு மிகப் பிடித்த பாடமும் இதுதான். சைன், காஸ் என்றால் எதிர்ப்பக்கம், கர்ணம் என்று செங்கோண முக்கோணத்தோடு நிற்பதுதான் சிக்கலுக்குக் காரணம். அது 90 டிகிரிக்குள் சரி. கல்லூரியில் கோணம் 150 ஆகும், 400 ஆகும், எதிர் எண்ணும் ஆகும். அதற்கு வட்டம் வேண்டும். ஆரம் 1 உள்ள வட்டத்தில் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாகச் சுற்றினால், நிற்கும் புள்ளியின் கிடைத்தூரம் காஸ், உயரம் சைன். 150 டிகிரியில் நிற்கும் புள்ளி 30 டிகிரியில் நிற்பதன் கண்ணாடிப் பிம்பம், அதே உயரம். எட்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பாம்பன் பாலத்தில் இதைப் பார்க்கலாம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிட, இதழ்கள் எனப்படும் இரண்டு பாலத் துண்டுகள் மேல்நோக்கித் திறந்தன. அவை உருண்டு பின்வாங்கித் திறக்கும் அமைப்பு. கணக்கு எளிதாக இருக்க, 30 மீட்டர் நீள இதழ் ஒன்று ஒரு முனையை ஊன்றிச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனி எவ்வளவு உயரம்? 30 பெருக்கல் சைன் கோணம். 30 டிகிரியில் 15 மீட்டர், 60 டிகிரியில் ஏறத்தாழ 26, 90 டிகிரியில் 30. முதல் 30 டிகிரிக்கு 15 மீட்டர் ஏறியது, அடுத்த 30க்கு 11, கடைசி 30க்கு வெறும் 4. சைன் வரைபடம் வேகமாக எழுந்து உச்சியில் ஏன் தட்டையாகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது. சீரான வேகத்தில் தூக்கினால் உயரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள வரைபடம் ஒரு நேர்கோடு. பழையது, புதியது என்று இரண்டு பாலங்கள், ஒன்றுக்குச் சைன் வளைகோடு, மற்றதற்கு நேர்கோடு. பேருந்தில் போகும்போது இரண்டையும் நோட்டில் வரைந்துகொண்டு போன தங்கச்சி ஒருத்தி என்னிடம் படித்தாள். அவளுக்கு முக்கோணவியல் அதற்குப் பிறகு தடுமாறவே இல்லை.

அடுத்தது ரேடியன். சாப்பாட்டுத் தட்டு ஒன்றையும் வலை நூலையும் எடுங்கள். தட்டின் ஆரம் அளவுக்கு நூலை வெட்டி, விளிம்பில் வளைத்து வையுங்கள். அந்த நூல் நடுவில் காட்டும் கோணம் 1 ரேடியன். விளிம்பு முழுக்கச் சுற்றிவர அந்த மாதிரி ஆறு நூலும் கொஞ்சமும் வேண்டும், 6.28. அதுதான் இரண்டு பை. டிகிரி மனிதன் வைத்த அளவு, ரேடியன் வட்டம் தானே தரும் அளவு. கால்குலஸ் முழுக்க ரேடியனில்தான் நடக்கும்.

கால்குலேட்டர் எந்த முறையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சைன் 30 அடித்தால் 0.5 வந்தால் டிகிரி. −0.988 வந்தால் ரேடியன். தேர்வு அறைக்குள் போனதும் முதலில் இதை அடித்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் இழந்த மதிப்பெண் எட்டு.

கடலில் திசை பார்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. காம்பஸ் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும். கணிதம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணும். காம்பஸில் 120 என்பது கணிதத்தில் 90 − 120, அதாவது −30. அந்தத் திசையில் 10 கடல்மைல் போனால் கிழக்கே 8.66, தெற்கே 5. ஒரு தம்பி எல்லாக் கோணத்தையும் காம்பஸ் மாதிரியே குறித்து, எல்லாவற்றிலும் சைனும் காஸும் இடம் மாறி வந்தது. "அண்ணனோட கடலுக்குப் போய்ப் பழகின கை அக்கா" என்றான். அவனுக்குத் திசை தெரியாமல் இல்லை, பூஜ்யம் எங்கே என்பதுதான் மாறியிருந்தது. இரண்டையும் அருகருகே எழுதிப் பத்துக் கோணம் மாற்றிப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

கடைசியாக அலை. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்று நம் ஆட்கள் சொல்வது அலையின் வீச்சை வைத்துத்தான். நடுமட்டத்திலிருந்து உச்சி வரை உள்ள உயரம் வீச்சு. ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு ஆகும் நேரம் காலம். கடல் ஏறி வற்றி மறுபடி ஏற ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால்தான் ஏற்றம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகிறது. நடுமட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் ஏறும் இடத்துக்கு இப்படி எழுதலாம்: 30 பெருக்கல் காஸ் (6.28 × மணி ÷ 12.4). வீச்சு முன்னால் நிற்கிறது, காலம் உள்ளே பகுதியில் நிற்கிறது. இந்த ஒரு வரியில் வீச்சையும் காலத்தையும் மாற்றி மாற்றிப் பத்துப் படம் வரையுங்கள்.

முற்றொருமைகள் ஐம்பது இருக்கும். மனப்பாடமாக வேண்டியவை மூன்று: சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்து 1, சைனின் கூட்டல் சூத்திரம், காஸின் கூட்டல் சூத்திரம். பெரும்பாலான மற்றவை இவற்றிலிருந்து நாலு வரியில் வந்துவிடும்.

மிச்சம்

பரவளையம், நீள்வட்டம், தொடர்முறைகள், கலப்பெண்கள் இவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும். கல்லூரியில் தேவைப்படும்போது திரும்பி வரலாம். மூன்று நாள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஒரு பக்கத்தில் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். சார்பு அங்கே ஃபங்ஷன், சார்பகம் டொமைன், வீச்சகம் ரேஞ்ச், மடக்கை லாகரிதம், பல்லுறுப்புக் கோவை பாலினாமியல், தொலைத்தொடுகோடு அசிம்டோட், முற்றொருமை ஐடென்டிட்டி, வகையிடல் டிஃபரன்சியேஷன். முப்பது சொல்கூட இராது. இந்த முப்பது தெரியாததால், கணக்கு தெரிந்த பிள்ளைகள் முதல் மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களுக்கும் இந்தப் பாதை திறந்திருக்கிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர, நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள். அதன் கணிதத்தாளில் சார்பு, நேர்கோடு, இருபடிச் சார்பு, பல்லுறுப்புக் கோவை என்று மேலே சொன்னவைதான் வருகின்றன.

கடைசி இரண்டு நாள்: மூன்றாவது கேள்விக்குத் திரும்புதல்

எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 1. எக்ஸ் 3 ஆக இருக்கும்போது மதிப்பு 10. எக்ஸைக் கொஞ்சம் நகர்த்தினால் மதிப்பு எந்த வேகத்தில் மாறுகிறது? 4க்கு நகர்த்தினால் 17. மாற்றம் 7, நகர்த்தியது 1, விகிதம் 7. 3.1க்கு நகர்த்தினால் 10.61, விகிதம் 6.1. 3.01க்கு நகர்த்தினால் விகிதம் 6.01. கையால் போட்டுப் பாருங்கள்.

இப்போது எண்ணுக்குப் பதில் ஹெச். எஃப்(3 + ஹெச்) என்பது 10 + 6ஹெச் + ஹெச்². அதிலிருந்து 10ஐக் கழித்து ஹெச்சால் வகுத்தால் 6 + ஹெச். ஹெச் பூஜ்யத்தை நெருங்கினால் 6. இது வகையிடல். கல்லூரியில் சில வாரம் கழித்துக் கரும்பலகையில் எழுதப்போவது இதைத்தான், உங்களுக்கு இதில் தெரியாத வரி ஒன்றும் இல்லை. அடைப்பை விரித்தது இரண்டாம் படி, எஃப்-க்குள் 3 + ஹெச்சைப் போட்டது மூன்றாம் படி. எக்ஸ்³க்கும் 1/எக்ஸ்க்கும் இதையே செய்து பாருங்கள். 1/எக்ஸில் பின்னம் சேர்க்க வேண்டியிருக்கும், முதல் கேள்வியில் செய்தது போல.

பிறகு அந்த எட்டுக் கேள்விகளையும் புதிய தாளில் மறுபடி எழுதுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் தப்பு நோட்டுக்குள் வைத்து, நோட்டைக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள். முதல் வாரத்திலேயே கணித ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, "சார், இதில் இந்த ரெண்டு தப்பு மட்டும் இன்னும் வருது" என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள்.